முப்பத்தொரு சீசாவிலும் உப்பில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, பஞ்சாயத்து யூனியன் ஆணையர் அவர்களே, ஊர்த்தலைவர் திரு. வேதநாயகம் அவர்களே, இன்று கடலுக்குப் போகாமல் இந்தப் பந்தலில் வந்து உட்கார்ந்திருக்கும் சவேரியார் குடியிருப்பு மக்களே!

எட்டு நாட்களுக்கு முன் உச்சிப்புளிச் சாலையில் விழுந்து இறந்துபோன மருத்துவச்சி யாகப்பம்மாள் அவர்களுக்காகக் கூடியிருக்கிறோம். படம் வைத்திருக்கிறீர்கள். மாலை போட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரத்திலிருந்து வரவழைத்த ரோஜா மாலை என்று சொன்னார்கள். பதினோரு ஆண்டுகள் இந்த மணலில் நடந்த ஒரு பெண்ணுக்குக் கடைசி நாளில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்காத ஊர், எட்டாம் நாளில் ரோஜா மாலை போடுகிறது. நல்லது. ரோஜாவுக்குத் தாகம் கிடையாது.

இந்தக் கூட்டத்தை நடத்துங்கள் என்று சாமியாரிடம் கேட்டது நான்தான். யாகப்பம்மாள்மேல் எனக்கிருந்த அன்பினால் மட்டும் கேட்கவில்லை. இந்த ஊரில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் செபஸ்தியம்மாள். திரேசம்மாளின் மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். அவளைப் பார்க்க எட்டு நாட்களில் மூன்று முறை வந்தேன். முதல் முறை, "புள்ள தங்கச்சிமடத்துக்கு அத்தை வீட்டுக்குப் போயிருக்கு டாக்டரம்மா" என்றார்கள். இரண்டாம் முறை, "பாம்பன்ல இருக்கு" என்றார்கள். மூன்றாம் முறை மண்டபம். ஏழு மாத வயிற்றோடு அந்தப் பெண் ரயில்வே கார்டைப் போல ஊர் சுற்றியிருக்கிறாள்! சாமியார் எல்லா வீட்டாரும் வர வேண்டும் என்று சொன்னால் அவளையும் அழைத்து வருவீர்கள் என்று கணக்குப் போட்டேன். வந்திருக்கிறாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கூட்டம் முடிவதற்குள் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அதற்காகத்தான் பேசுகிறேன். இடையில் நான் யாகப்பம்மாளைப் புகழ்ந்தால் அதுவும் அதற்காகத்தான்.

யார் இந்த யாகப்பம்மாள்?

ராமேசுவரம் தீவில் பிறந்தவர். கல்யாணமாகி இரண்டாம் வருடம் கணவரைக் கடல் கொண்டுபோனது. மதுரையில் மருத்துவச்சிப் படிப்புப் படித்து, ஐம்பத்தொன்றாம் ஆண்டு இந்தப் பக்கம் வேலைக்கு வந்தார். அவர் தெய்வப் பிறவி என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். இல்லை. வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். கோபம் வந்தால் அவர் ஏசுகிற ஏச்சை இந்த மேடையில் சொல்ல முடியாது. மாத அறிக்கை ஒருநாளும் குறித்த தேதியில் வராது. அவருடைய கையெழுத்தை அவரே சில நேரம் வாசிக்க முடியாமல் என்னிடம் காட்டுவார். ஆனால் கர்ப்பிணியின் வயிற்றில், கருவின் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வைத்துக் காது கொடுத்தார் என்றால், நான் கருவி வைத்துச் சொல்வதும் அவர் சொல்வதும் வேறாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

தலைவர் அவர்களே, உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். உங்கள் மூத்த மகளுக்கு ஒன்பதாம் மாதம். யாகப்பம்மாள் குழலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். உங்கள் வீட்டு அம்மா கேலி செய்தார்: "என்னத்தடி கேக்குற? உள்ள இருந்து பாட்டா படிக்குது?"

"நீயே கேளு அத்தாச்சி" என்று குழலை அவர் காதில் வைத்தார் யாகப்பம்மாள்.

"ஆத்தாடி! லாஞ்சு இஞ்சின் மாதிரி ஓடுதே!"

"அதான் இல்ல. இஞ்சின் ஓடணும். இது நின்னு நின்னு ஓடுது. வண்டியப் பூட்டச் சொல்லு."

அன்று மாட்டு வண்டியில் கூட்டி வந்தார்கள். கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்த குழந்தையை நான் எடுத்தேன். உங்கள் பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. முன்வரிசையில் இருக்கிறாள். நலமாக இருக்கிறாள். நன்றாக இருக்கட்டும்.

அந்தக் குழலுக்கு நீங்கள் பயப்படவில்லை. பயந்தது சீசாவுக்கு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆணையர் அவர்கள் வெளியூர்க்காரர். கர்ப்பிணியின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, மேல்பாகத்தைத் தீயில் காட்டி, புளிப்பு அமிலம் இரண்டு சொட்டு விட்டால், தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளையாகத் திரிந்தால் ஆல்புமின் இறங்குகிறது என்று அர்த்தம். மக்கள் அதை உப்பு என்பார்கள். உப்பு இறங்கி, ரத்த அழுத்தமும் ஏறினால் தாய்க்கு வலிப்பு வரும். குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். வலிப்பு வருவதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே இந்தக் குழாய் சொல்லிவிடும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு குழாய், கொஞ்சம் தீ, பார்க்க இரண்டு கண்கள்.

ஆனால் இந்தக் கரையில் ஒரு வழக்கம். சூலியின் உடம்பிலிருந்து எதுவும் வாசல் தாண்டக் கூடாது. சீவிய முடி, வெட்டிய நகம், உடுத்திய துணி, எதுவும். தாண்டினால் யாராவது எடுத்துச் செய்வினை வைத்துவிடுவார்கள், கரு தங்காது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்களும் நம்புகிறீர்கள், செய்யாதவர்களும் நம்புகிறீர்கள். சாமியார் தலையசைக்கிறார். அவருக்கும் தெரியும்.

யாகப்பம்மாள் இதோடு சண்டை போடவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அந்த வீட்டு அடுப்புத் தீயிலேயே, தினசரிக் காகிதத்தை மடித்துக் குழாயின் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மாமியாரின் கண் முன்னால் சுட வைத்தார். மிச்சத்தை அந்த வீட்டுக் கொல்லை மண்ணிலேயே ஊற்றினார். "பாத்துக்க. ஒரு சொட்டும் ஒங்க வாசலத் தாண்டல" என்பார். அப்படி ஒரு நாளைக்கு ஐந்து பெண்கள். அதற்கு மேல் அந்த மணலில் நடக்க முடியாது. ஒன்பதரை ஆண்டுகள் அப்படித்தான் செய்தார். அந்த ஒன்பதரை ஆண்டுகளில் இந்த ஊரில் ஒரு தாய்கூட வலிப்பில் சாகவில்லை.

பிறகு அந்த முறையை ஒருவர் நிறுத்தினார்.

யார்? நான்.

ஒரு நாளைக்கு ஐந்து பேர் போதாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அதை நியாயம் என்றே நினைத்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் கர்ப்பிணிகள் எல்லோரும் சீசாவில் கொண்டுவந்து சுகாதார நிலையத்து மேசையில் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். யாகப்பம்மாள் வந்து நின்றார்.

"வேணாம் டாக்டரம்மா. கொண்டாரமாட்டாளுக."

"மூடநம்பிக்கைக்கு அரசாங்கம் சலாம் போட முடியாது, யாகப்பம்மா."

"சலாம் போடல. செருப்பக் கழட்டிட்டு உள்ள போறேன், அம்புட்டுத்தான்."

நான் கையெழுத்திட்ட தாளை நீட்டினேன். வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் முப்பத்தொரு சீசாக்கள் வந்தன. முப்பத்தொன்றும் தெளிவு. எனக்கு மகிழ்ச்சி. படித்தவள் மகிழ்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற யாகப்பம்மாள் மகிழவில்லை.

"முப்பத்தொரு சீசாவுலயும் ஒண்ணுலகூட உப்பில்லையேம்மா. இது கடக்கரை. மோட்சம் இல்ல."

"சோதனையை நீங்கள்தானே செய்தீர்கள்?"

"சுட்டது சரி. சீசாவுல இருக்கிறது யாரோடது?"

இந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் தேடவில்லை. இன்று உங்களிடம் கேட்கிறேன். யாருடையது? கடற்கரைப் பெண்களே, அந்த முப்பத்தொரு சீசாக்களில் இருந்தது யாருடையது? கொழுந்தியாளுடையதா? பக்கத்து வீட்டுப் பெண்ணுடையதா? மாமியாருடையதா? தலையைக் குனியாதீர்கள். சீசாவை என் மேசையில் வைத்தபோது யாரும் தலை குனியவில்லை.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று அருள்மேரியின் பெயரில் வந்தது.

அருள்மேரி திரேசம்மாளின் மருமகள். பத்தொன்பது வயது. எட்டாம் மாதம். கால் வீங்கி, தண்டை கழற்ற முடியாமல் அரத்தால் அறுத்து எடுத்தார்கள். "கால்ல நீர் வச்சா ஆம்பளப் புள்ள" என்று தெருவே சிரித்தது. அதற்குச் சர்க்கரைகூடக் கொடுத்தீர்களாம். யாகப்பம்மாள் என்னிடம் ஓடி வந்தார். நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு ரத்த அழுத்தமானி, அதுவும் என் கையில். "ஒரு நடை நீங்களே வந்து பாருங்கம்மா" என்றார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அருள்மேரி, உப்பில்லை. அடுத்த செவ்வாய் பார்க்கலாம் என்றேன்.

அடுத்த செவ்வாய் அருள்மேரிக்கு வரவில்லை. இரண்டு நாள் தலைவலி. பிறகு கண் மங்குகிறது என்றாள். ஞாயிறு நண்பகல் முதல் வலிப்பு. பேய் என்றீர்கள், ஜன்னி என்றீர்கள், வேப்பிலை தேடினீர்கள். மூன்றாவது வலிப்புக்குப் பிறகுதான் யாகப்பம்மாளைக் கூப்பிட்டீர்கள். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். பற்களுக்கு நடுவே துணி சுற்றிய கரண்டியைக் கொடுத்துவிட்டு, அந்த வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். இருந்தது, மெதுவாக. அடுத்த வலிப்பு முடிந்ததும் மறுபடி கேட்டார். இல்லை. முதலில் குழந்தை நின்றது. வண்டி வருவதற்குள் தாயும் நின்றாள்.

அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? மனு எழுதினீர்கள். மருத்துவச்சியின் கவனக்குறைவால் இரண்டு உயிர் போயிற்று என்று நூற்று நாற்பது கைநாட்டு. அந்த நூற்று நாற்பது பெருவிரல்களில் எத்தனை விரல்கள் பொய்ச் சீசாவைப் பிடித்த விரல்கள்! அதோடு விட்டீர்களா? யாகப்பம்மாளை உள்ளே விடுகிற வீட்டு ஆணுக்கு, ஊரார் சேர்ந்து இழுக்கும் கரைவலையில் இடமில்லை என்று ஊர்க்கட்டுப் போட்டீர்கள். கரைவலையில் இடமில்லை என்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. எல்லோரும் கதவைச் சாத்தினீர்கள்.

என்ன தலைவரே, எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். என் பங்கையும் சொல்லிவிட்டுத்தான் உங்களுக்கு வழி விடுவேன்.

மனு என்னிடம்தான் வந்தது. யாகப்பம்மாளிடம் விளக்கம் கேட்டேன். என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உண்மையைச் சொன்னார். அருள்மேரியை அடக்கம் செய்த மறுநாள், அந்த வீட்டுப் பெண், இதே செபஸ்தி, அவரிடம் வந்து அழுதிருக்கிறாள். "அது என்னோடதுக்கா. அண்ணியோடது வெளிய போனா ஆகாதுன்னு அம்மா என்னைய ஊத்தச் சொல்லுச்சு." செபஸ்தி அப்போது கல்யாணமாகாத பெண். நல்ல உடம்பு. சீசா தெளிவாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

"இதை எழுதிக் கொடுங்கள்" என்றேன்.

"மாட்டேன்."

"எழுதாவிட்டால் உங்கள் வேலை போகும்."

"எழுதிட்டா அந்தப் புள்ளைய யாரு கட்டுவா? அண்ணியக் கொன்னவன்னு ஊரு சொல்லும். எனக்கும் அப்புறம் எந்த வீட்டுக் கதவும் தொறக்காது டாக்டரம்மா."

எழுதித் தராத எதுவும் ஆதாரம் ஆகாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சென்னையில் ஏழு ஆண்டுகள் படித்தவள் நான். அவரை இடைநீக்கம் செய்தேன். 'சுட்டது சரி. வேறு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் எழுதிக் கொடுத்த தாள் என் கோப்பில் இருக்கிறது. அந்தக் கையெழுத்து மட்டும் நன்றாகப் புரிகிறது.

அவர் சொல்லாமல் மறைத்ததை இன்று நான் ஊர் நடுவில் சொல்லிவிட்டேன். அவருக்கு இருந்த இரக்கம் எனக்கு இல்லை. திரேசம்மா, அழுங்கள். நீங்கள் மருமகளை வெறுத்து அதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். கொழுக்கட்டை அவித்து மடியில் வைத்து ஊட்டிய மாமியார் நீங்கள். காப்பாற்றத்தான் செய்தீர்கள். காப்பாற்றுவதற்காகவே கொன்றீர்கள். நீங்கள் ஒருத்தி செய்ததை முப்பது வீடுகள் செய்தன. அந்த வீடுகளில் வலிப்பு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனவே உங்களைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிற இந்தப் பெண்களில் ஒருத்திக்கும் அதற்கு யோக்கியதை இல்லை.

இனி அந்தக் கடைசி நாள்.

சம்பளமில்லை, உத்தியோகமில்லை, ஊருக்குள் வரக் கூடாது. ஆனாலும் செபஸ்திக்கு முகம் ஊதியிருக்கிறது என்று யாரோ சந்தையில் சொல்ல, யாகப்பம்மாள் கிளம்பிவிட்டார். சித்திரை வெயில். உச்சிப்புளியிலிருந்து நான்கு மைல் மணல். இந்த ஊர் வண்டிகள் இரண்டு அவரைத் தாண்டிக் காலியாகப் போயின. மூன்று வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டிருக்கிறார். எந்த மூன்று வீடு என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். திரேசம்மாள் கதவைத் திறக்கவில்லை. செபஸ்தி பின்பக்கமாக, முள்வேலிக்கு வெளியே வந்தாள். வேலியோரத்தில் பனஞ்சிறாயைப் பற்றவைத்து அந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண் குழாயைச் சுட்டார்.

சுட்டுப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். சாலைக்கு ஏறுகிற இடத்தில் விழுந்தார். டீக்கடை சீனி முகம்மது தூக்கி நிழலில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அது உள்ளே இறங்கவில்லை. அங்கேயே உயிர் போயிற்று. மறுநாள் காலை சீனி முகம்மது பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து என் வாசலில் நின்றார்.

"மௌத்தாகுறதுக்கு முன்னாடி ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சும்மா. செபஸ்திக்குப் பாதிக் குழாய் உப்புன்னுச்சு. ரெண்டு தடவ சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மறந்துருவேன்னு பஸ்ஸுல வாரப்பல்லாம் அதையே சொல்லிக்கிட்டு வந்தேன்."

பாதிக் குழாய்! குழாயில் பாதி வெள்ளையாகத் திரிந்திருக்கிறது, வலிப்பு எந்த நாளும் வரலாம் என்று அர்த்தம். அன்றே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். புள்ளை தங்கச்சிமடத்துக்குப் போயிருக்கிறது என்றீர்கள். யாகப்பம்மாள் சுட்டுப் பார்த்து எட்டு நாள். எட்டு நாட்கள் அந்தக் குழந்தை உள்ளே என்ன பாடு படுகிறது என்று யாரும் காது வைத்துக் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த ஒருத்தியைப் போன வாரம் புதைத்துவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தால் செபஸ்தி பிழைப்பாள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பொய்ச் சத்தியம் எனக்குப் பழக்கமில்லை. படுக்கை தருவேன். உப்பில்லாத சாப்பாடு தருவேன். நாளுக்கு நான்கு முறை அழுத்தம் பார்ப்பேன். தேவைப்பட்டால் நாள் நிறையும் முன்னமே குழந்தையை எடுப்பேன். குழந்தை தங்காமலும் போகலாம். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஒரு முறை பார்த்திருக்கிறீர்கள். கரண்டியைக்கூட நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்கள்.

யாகப்பம்மாள் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். கை தட்டினீர்கள். நானும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மேசையை நேற்றோடு எடுத்துவிட்டேன். அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டேன். நாளை முதல் புது மருத்துவச்சி வரும்வரை நானே வீடு வீடாக வருவேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவேன். உங்கள் அடுப்பில் சுடுவேன், உங்கள் கொல்லையில் ஊற்றுவேன். உங்கள் நம்பிக்கையை நான் மதிக்கவில்லை. அது இன்றும் எனக்கு அருவருப்புத்தான். ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையை ஒரு பெண் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதை அடைத்தவள் நான். திறக்க வேண்டியவளும் நான்தான். யாகப்பம்மாள் மீதிருந்த குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று எழுதி நேற்று மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். இறந்தவரை வேலையில் மீண்டும் சேர்க்க விதி இல்லை என்று பதில் வரும். வரட்டும்.

ஊர்க்கட்டைப் பற்றித் தலைவர் அவர்களே சொல்ல வேண்டும். இங்கேயே. சாமியார் இருக்கிறார், ஆணையர் இருக்கிறார், உங்கள் பேத்தி இருக்கிறாள். சொல்லுங்கள்.

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை.

நீங்கிவிட்டது என்கிறார். எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா? நன்றி.

இரங்கல் கூட்டத்தின் முடிவில் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனமாக இருப்பது மரியாதை. எழுந்து நில்லுங்கள். எல்லோரும். மௌனம் வேண்டாம், இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் வழி விடுங்கள். பந்தல் வாசலில் நிற்கும் ஆண்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன், விலகுங்கள். திரேசம்மா, அவள் கையை விடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே கூட நடங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உங்களுக்கும் இடமுண்டு.

செபஸ்தி, எழுந்திரு அம்மா. வெளியே ஜீப் நிற்கிறது. மெதுவாக வா. செருப்பைத் தேடாதே. அது உன் காலில் ஏறாது. வெறுங்காலோடு நட.